வேப்பந் தண்ணீர் போதுமா? பல்லும் நமது உரிமைதான்

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில், மலையகத் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சங்கத்திலிருந்து வந்தால் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். பல் வலித்தால் ஒரு நாள் வேலை போகிறது. பிடுங்கப் போனால் பஸ் காசோடு இன்னொரு நாள் சம்பளமும் போகிறது. ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

மலையகத்திலும் இங்கேயும் தாய்மார் கேட்பது ஒரே கேள்வி: "வேப்பிலை அவித்த தண்ணீரால் கொப்பளித்தால் சூத்தைப் பல்லில் இருக்கிற புழு சாகுமா?"

முதலில், சூத்தைப் பல்லில் புழு இல்லை. கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள்தான் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ். 1924 ஆம் ஆண்டு இலண்டனில் கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். நாம் சாப்பிடும் சீனியை அது இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு பங்கைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. மறு பங்கை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கக் கரைக்கத் துவாரம் விழுகிறது.

இந்தக் கிருமியை மூலிகை அடக்குமா? ஓரளவுக்கு அடக்கும். வேம்பு, கொய்யா இலை, கராம்பு, திரிபலா எல்லாவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. இந்தியாவில் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திரிபலா நீரைக் கொப்பளிக்கக் கொடுத்து, மருந்துக்கடையில் விற்கும் குளோர்ஹெக்சிடினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல்லில் படியும் அழுக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரேயளவு குறைந்தது. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் விளக்கிய நம் முன்னோர் அறியாமல் செய்யவில்லை. இங்கே கைதடியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் ஒரு படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

இன்னொரு மூலிகை நாங்கள் மலையில் கிள்ளும் கொழுந்து. தேயிலையில் உள்ள கற்றெக்கின் என்ற பொருள் இந்தக் கிருமியையும் அது செய்யும் பசையையும் தடுக்கிறது. ஆனால் அதே தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் குடித்தால் கிருமிக்கு விருந்துதான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பது இந்த ஊர் வழக்கம். பனங்கட்டி பல்லுக்குப் பாதகமில்லை என்று நினைக்கிறோம். அதிலும் பெரும் பங்கு சீனிதான். கன்னத்தில் அடக்கிவைத்துக் கரைப்பதுதான் மிகவும் கெடுதல்.

தோழர்களே, நம்முடைய வாயைப் பற்றி உலகப் புத்தகங்களில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியுமா? நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லூ என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் 1970 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார்கள். அவர்கள் பிரஷ் பிடித்து வளர்ந்தவர்கள் அல்ல. பல் வைத்தியரையும் கண்டவர்கள் அல்ல. ஒஸ்லோ நகரில் சிறுவயது முதலே பல் வைத்தியம் கிடைத்த மாணவர்களோடும் படித்தவர்களோடும் அவர்களை ஒப்பிட்டார்கள்.

நமது ஆட்களிடம் சூத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனால் முரசு அழிந்திருந்தது. 40 வயதை நெருங்கும்போது பல்லைப் பிடித்துவைக்கும் தசையும் எலும்பும் ஒஸ்லோவில் 1.5 மில்லிமீற்றர் அளவும் நம்மவரிடம் 4.5 மில்லிமீற்றர் அளவும் இறங்கியிருந்தன. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 2010 இல் கூட அவர்களில் 75 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். நம் வாயைப் பார்த்து உலகம் படித்தது. அந்தப் படிப்பின் பலன் நமது லயத்துக்கு வர வேண்டாமா?

குளோர்ஹெக்சிடின் நீர் பல்லில் அழுக்குப் படிவதைத் தடுக்கும் என்று 1970 இல் காட்டியவர்களில் ஒருவரும் இதே லூதான். அதை நெடுநாள் பாவித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஆகவே வைத்தியர் சொல்லும் காலத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி வேப்பிலையைக் கழுவி, இரண்டு தம்ளர் தண்ணீரில் அவித்து, வடித்து, ஆறவிட்டு, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். அன்றன்று புதிதாக அவியுங்கள். வேம்பு இல்லாவிட்டால் சீனி போடாத தேயிலைச் சாயம், அதுவும் இல்லாவிட்டால் ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொப்பளிக்கக் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள்.

ஆனால் பல்லில் ஒட்டிய அழுக்கை எந்தத் தண்ணீரும் கழுவிவிடாது. பிரஷ்தான் தேய்த்து எடுக்க வேண்டும். புளோரைட் உள்ள பற்பசையால் தினம் இரண்டு தடவை, படுக்கப்போகுமுன் கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. விளக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். மூலிகை நீரை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே கொப்பளித்தால் புளோரைட் போய்விடும்.

வெற்றிலையிலும் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பார்கள். உண்மைதான். அதோடு சேரும் பாக்கும் புகையிலையும்தான் ஆபத்து. புகையிலை இல்லாமல் பாக்கோடு போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான். இரண்டு கிழமையில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விழுந்த துவாரத்தையும் கசாயம் அடைக்காது. கராம்பு வலியை மரக்கச் செய்யும்; நோய் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பல் வைத்தியர் வேண்டும். நமது பாட்டன் வைத்தியம் இருக்கிறதே என்று சொல்லி நிர்வாகமோ அதிகாரிகளோ கையைக் கழுவ இடங்கொடுக்கக் கூடாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக்கே பல் வைத்தியர் வர வேண்டும். பல் சிகிச்சைக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு பல் பரிசோதனை வேண்டும். இவற்றை எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த பேச்சுவார்த்தையில் மேசையில் வைப்போம்.

அதுவரை முற்றத்து வேம்பு உதவட்டும்.