கையும் ஏடும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தை உரக்கப் படிக்கின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு நீர் சவ்வின் வழியே செல்வது சவ்வூடு பரவல் என்று ஒப்பிக்காதவர் நம் மாலை வகுப்பில் இல்லை. அதனை விளக்குவோரைத்தான் தேடவேண்டியுள்ளது.

ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, நடுவே குழி தோண்டி, உப்பிட்டு வைப்போம். சிறிது நேரத்தில் குழியில் நீர் ஊறி நிற்கும். இந்நீர் எங்கிருந்து வந்தது எனப் பிள்ளைகளே வினவுவர். அப்போது ஏட்டைத் திறந்து அவ்வரியைப் படிக்கச் செய்வோம். செறிவு மிகுந்த கரைசல் எது, நீர் எவ்வழியே வந்தது என்று கிழங்கைத் தொட்டுக் காட்டட்டும். பச்சைத்தோலுக்கு உப்பிடுவதன் காரணமும் அங்கேயே பிடிபடும். உப்பு தோலின் நீரை வெளியே இழுத்துவிடுவதால் அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. இப்பாலாற்றங்கரையில் நம் முன்னோர் எத்தொழிலுக்காக இழித்துரைக்கப்பட்டனரோ, அத்தொழிலினுள்ளே இப்பாடம் இருந்தது. அதனைப் படிக்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

கைவேலை என்றதும் மூத்தோர் சிலர் ஐயுறுகின்றனர். அவ்வையம் நியாயமானதே. 1953இல் இராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என மக்கள் எதிர்த்தனர்; 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அத்திட்டம் பிள்ளையை ஏட்டிலிருந்து பிரித்தது. ஆகவே, சோதனை முடிந்ததும் கைகழுவிச் செல்லும் வகுப்பை நாம் ஏற்பதற்கில்லை. கண்டதைத் தம் சொற்களில் எழுதி, பாடத்தின் வரியோடு ஒப்பிட்டுப் படித்த பின்பே பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்தில் 1972 முதல் 2002 வரை சிற்றூர்ப் பிள்ளைகள் இவ்வாறே சோதனை செய்து அறிவியல் பயின்றனர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. நம் மாநிலத்தில் 6 முதல் 8 வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கென 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. தொடக்க விழா நடந்தது திருச்சி காட்டூரில், ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் என்பது நமக்கு மகிழ்ச்சியே.

பள்ளிகொண்டாவிலிருந்து கல்லூரி செல்லும் இளைஞர்களிடம் வாரத்தில் ஒரு மாலையை வேண்டுகிறோம். கிழங்கும் உப்பும் சங்கம் வாங்கித் தரும்.