சாவுக்கும் கடன் வாங்க வேண்டுமா?

(மார்டள்ளியில் நடைபெற்ற கட்சிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2018 டிசம்பர் 14 அன்று சுள்வாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்டு 17 பேர் மாண்டதை இந்தப் பகுதி மறக்காது. அன்று அமைச்சர்கள் வந்தார்கள், அரசு சிகிச்சைச் செலவை ஏற்றது, நிவாரணம் அறிவித்தது. செய்யவேண்டிய கடமைதான் அது. ஆனால், ஒரு கூலித் தொழிலாளி தனியாக இறந்துபோகும் இரவில் யார் வருகிறார்கள்? முதலில் அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். அடுத்து, வட்டிக்குப் பணம் கொடுப்பவர் வருகிறார்.

ஏழையின் சாவில் பணம் மூன்று இடங்களில் கேட்கப்படுகிறது: மருத்துவமனையில், வண்டியில், இடுகாட்டில்.

முதலாவது மருத்துவமனை. பாக்கியைக் கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று ஒரு தனியார் மருத்துவமனை சொன்னால், அது சட்டவிரோதம். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. பாக்கியைப் பிறகு வசூலிக்கலாம். உடலை அடகாக வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு வீட்டுக்கும் நாம் கொண்டுசேர்க்க வேண்டும்.

இரண்டாவது வண்டி. மைசூர் மருத்துவமனையிலிருந்து மார்டள்ளிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். 2016இல் ஒடிசாவின் காலாகண்டியில், வண்டி கிடைக்காத ஓர் ஆதிவாசி, தன் மனைவியின் உடலைத் தோளில் சுமந்து, அழுதுகொண்டிருந்த மகளுடன் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அந்தக் காட்சி நாட்டையே உலுக்கியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலிருந்து இலவச அமரர் ஊர்தி ஓடுகிறது. அதே உரிமை எல்லைக்கு இப்பக்கம் வாழும் நமக்கும் வேண்டும்.

மூன்றாவது இடுகாடு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஈமச்செலவாக 5,000 ரூபாய் தரும் 'அந்த்ய சம்ஸ்கார' திட்டத்தைக் கர்நாடக அரசு கொண்டுவந்தது. குடும்பத்தைக் காப்பாற்றிவந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால், ஒன்றிய அரசின் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு ஈமச்செலவு 15,000 ரூபாய். கல்லுடைப்பவருக்கும் காட்டுக்கூலிக்கும் அந்தப் பதிவே கிடையாது.

காகிதத்தில் திட்டம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், சான்றிதழ், விசாரணை, ஒப்புதல் என்று அது நகரும் வேகம் வேறு. சாவின் வேகம் வேறு. உடல் காத்திருக்காது. ஆகவே குடும்பம் கடன் வாங்குகிறது. நிவாரணம் வந்தாலும் அது வட்டிக்கே போய்ச் சேர்கிறது. விண்ணப்பமோ கன்னடத்தில்; வீட்டில் பேசுவதோ தமிழ். அந்த இடைவெளியில் இடைத்தரகர் நுழைகிறார்.

யாரும் உரிமை கோராத ஏழையின் உடல் எங்கே போகிறது? இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து, கேட்பாரற்றுக் கிடந்தவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகளின் அறுவை மேசைக்கு அனுப்பியது. அதற்கு அஞ்சிய தொழிலாளர்கள் வாரந்தோறும் பென்னிகளைச் சேர்த்து அடக்கச் சங்கங்களை நடத்தினார்கள். உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் கர்நாடகத்திலும் உண்டு. விருப்பத்துடன் உடல்தானம் செய்வது உயர்ந்த செயல். அடக்கத்துக்குப் பணமில்லாததால் உறவினர் உடலைக் கேட்கவே அஞ்சுவது தானம் அன்று. அது வறுமை செய்யும் பறிமுதல்.

கண்ணியம் உயிருள்ளவருக்கு மட்டுமன்று, இறந்த உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. நாம் கேட்பது பிச்சை அன்று.

தோழர்களே, நமது கோரிக்கைகள் இவை: ஈமச்செலவுத் தொகை, இறந்த அன்றே கிராமப் பஞ்சாயத்தில் ரொக்கமாகக் கிடைக்க வேண்டும். ஹனூர் தாலுகாவுக்கு இலவச அமரர் ஊர்தி வேண்டும். விண்ணப்பங்கள் தமிழிலும் வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை நமக்கும் பணி உண்டு. சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர் நம் தோழராக இருக்கட்டும். குழி வெட்டக் கை கொடுப்போம். மறுநாள் விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். பணம் வரும்வரை அலுவலகப் படியேறுவோம். வட்டிக்காரருக்கு முன்பே நாம் அந்த வாசலில் நிற்க வேண்டும்.