திருப்பிக் கொடுக்கும் மனமாற்றம்



இறைவாக்கினர் ஆமோஸ் தம் காலத்து வணிகர்களைப் பற்றி, அவரது நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி சொல்கிறார். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. அமாவாசைத் திருநாளிலும் கடையைத் திறக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் மனமெல்லாம் மறுநாள் வியாபாரத்தில் இருந்தது. இந்த ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் கோதுமையோடு சேர்த்து எப்போது ஏழையின் தலையில் கட்டலாம் என்று அவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தவக்காலத்தில் நாமும் நாள் எண்ணுகிறவர்கள்தாம். திருநீற்றுப் புதன் தொடங்கிக் கறி, மீன் தொடாதவர்கள் நம்மில் உண்டு. காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடந்து, மதுவை ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. வெள்ளிதோறும் ஒருசந்தி இருந்து சிலுவைப்பாதையில் முழந்தாளிடும் வயதான அம்மாக்கள் உண்டு. அவை எளிதான காரியங்கள் அல்ல. அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமும் அல்ல. ஆனால் பாஸ்காத் திருப்பலி முடிந்து விடிந்ததும் கறிக்கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஆமோஸ் நம்மையும் அறிந்தவரோ என்று தோன்றுகிறது. அன்று மாலை வேறொரு கடையில் நிற்கும் வரிசையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம்.

திருநீற்றுப் புதனன்று மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள்ளும்படி ஆண்டவர் அதில் சொல்கிறார். அதைக் கேட்ட கையோடு நாம் வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் இதைக் கேட்பதுண்டு, நல்ல கேள்விதான். வெளி அடையாளம் தவறில்லை. முந்தைய ஆண்டு ஓசன்னா பாடிப் பிடித்த குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் அது. அதை நெற்றியில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் மறுநாள் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நற்செய்தியில் சக்கேயுவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

எரிகோ செழிப்பான ஊர். பேரீச்சையும் நறுமணப் பிசினும் விளைந்த இடம். யோர்தானுக்கு அப்பாலிருந்து எருசலேமுக்குப் போகும் சரக்கு அந்த வழியாக வரும். வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்ட காலம் அது; குத்தகைத் தொகையைக் கட்டியது போக மிச்சமெல்லாம் வசூலிப்பவருக்கு. சக்கேயு வரிதண்டுவோருக்குத் தலைவர், செல்வர் என்கிறார் லூக்கா. சக்கேயு என்ற பெயருக்குத் தூயவர் என்று பொருள். ஊரார் அதைச் சொல்லிச் சிரித்திருக்கக்கூடும்.

அவர் அத்தி மரத்தில் ஏறியதைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். பங்கு விழாவில் பிள்ளைகள் நாடகம் போட்டால் அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல். ஆனால் மரம் ஏறுவது பெரிய காரியம் அல்ல. சப்பரம் வரும்போது மதில்மேல் ஏறி நின்று பார்ப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர் மரத்திலிருந்து இறங்கி வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். எவரையாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார்.

சட்டம் அவரிடம் இவ்வளவு கேட்கவில்லை. எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரத்தின்படி, பிறருக்குத் தீங்கு செய்தவர் பாவத்தை அறிக்கையிட வேண்டும். முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அறிக்கையும் ஈடும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கோ விற்றவனுக்கோதான் நான்கு மடங்கு விதித்தது விடுதலைப் பயண நூல். சக்கேயு தம்மை அந்த ஆட்டுத் திருடனோடு சேர்த்துக்கொள்கிறார். பாதி போன பிறகு மீதிப் பாதியிலிருந்துதான் நான்கு மடங்கும் போக வேண்டும். கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர் இதைத் தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காக இயேசு அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் பெயர் சொல்லி அழைத்தார். எந்த நிபந்தனையும் இல்லாமல் உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். கணக்கு அதன் பிறகுதான் வந்தது.

நமக்கு நெருங்கிய காலத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட். 1856இல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையாகிவிட்டார். 1884இல் ஒருநாள் கையில் காசில்லாமல் மதுக்கடை அருகே நின்றார். கூடக் குடித்த நண்பர்கள் வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. வீடு திரும்பி, இனிக் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுக்கப் போகிறேன் என்று தாயிடம் சொன்னார். காப்பாற்றும் எண்ணம் இல்லாவிட்டால் எடுக்காதே என்றார் அந்தத் தாய். எத்தனையோ வாக்குறுதிகளைப் பார்த்துச் சலித்த நம் வீட்டுத் தாய்மார்களுக்கு அந்தக் குரல் புரியும்.

பாவசங்கீர்த்தனம் செய்து, முதலில் மூன்று மாதத்துக்கு வாக்குறுதி எடுத்தார். பிறகு அது வாழ்நாள் முழுவதும் நீண்டது. அதோடு அவர் நிற்கவில்லை. கடன் வைத்திருந்த மதுக்கடைகளுக்குப் போய்ப் பாக்கியை அடைத்தார். குடிப்பதற்காக, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒரு மனிதரின் பிடிலைத் திருடி விற்ற கூட்டத்தில் அவரும் இருந்திருந்தார். அந்த மனிதரைப் பல ஆண்டுகள் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர் கடுந்தவம் புரிந்தவர். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம்மைத் தொந்தரவு செய்வது அந்தப் பிடில்தான்.

ஏனென்றால் நம் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பிடில் இருக்கலாம். இரவோடு இரவாகத் தள்ளிப்போட்ட வரப்பு. அப்பா எழுதிவைக்காமல் இறந்ததால் தங்கைக்குக் கொடுக்காமல் விட்ட பங்கு. அறுவடைக்கு வந்தவர்களிடம் பிடித்துக்கொண்ட அரை நாள் கூலி. சீட்டு நடத்தி முடித்த பின்னும் யாரோ ஒரு கைம்பெண்ணுக்குத் தராத தவணை. திருவிழா வரிக் கணக்கில் சேராமல் போன தொகை. ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். மூன்று அருள் நிறை மரியே சொல்லி எழுந்து வருகிறோம். வரப்பு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது; ஆனால் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சீராக்குவது போன்றவற்றை நம்மால் முடிந்தவரை நாம்தான் செய்ய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் சொல்கிறது.

பணத்தைவிடப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது கடினம். அன்பியக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றி நாம் சொன்னது பொய் என்று பின்னால் தெரிகிறது. அதைக் கேட்ட எட்டுப் பேர் வீட்டுக்கும் போய், நான் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். இதைவிட நாற்பது நாள் சுத்தபோசனம் சுலபம்.

கொடுக்க வேண்டியவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வாங்குவதற்கு உறவினர் எவரும் இல்லாவிட்டால் அது ஆண்டவருக்கு உரியது என்று அந்த எண்ணிக்கை நூலே சொல்கிறது. ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஒரே தடவையில் முடியாதவர்கள் தவணையாகக் கொடுக்கலாம்.

முகத்துக்கு நேரே கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்பார்கள் சிலர். உறவு முறிந்துவிடும், வழக்காகிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பாவசங்கீர்த்தனத்தின்போதே குருவானவரிடம் உதவி கேட்கலாம். இப்படி வந்த பணத்தைக் குருக்கள் உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உண்டு. தொகையையும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னால் போதும். யார் கொடுத்தது என்று அவர் சொல்ல மாட்டார்.