தோற்ற சோழனின் ரசிகர்கள்



ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் போற்றும் ‘கல்ட்’ படங்களைப் பற்றிப் பேசச் சோழர்களின் தஞ்சாவூரில் கூடியிருக்கிறோம். எனவே ஒரே ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்: செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. பெயரைக் கேட்டு எம்.ஜி.ஆரின் 1965 படத்தை நினைத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2010 பொங்கலன்று அது வெளியானது. இங்கே சம்பா அறுவடைக் காலம். களத்தில் நெல் குவியும் அந்த நாளில், திரையில் சோழர்கள் சோற்றுக்கு வழியின்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1279இல் பாண்டியரிடம் தோற்று, கடல் கடந்து ஒளிந்து, தலைமுறை தலைமுறையாக இருட்டில் வாழும் கூட்டம். தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான், மழை பெய்யும், மண்ணுக்குத் திரும்பலாம் என்ற ஒரே நம்பிக்கை. தூது என்று சொல்லிக்கொண்டு வருபவளோ பாண்டிய வம்சத்தவள். பார்த்திபன் நடித்த சோழ அரசன் மறுபடியும் தோற்கிறான். பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்துக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் இவ்வூர் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. ஆயிரம் நடனக் கலைஞர்கள் ஆடினார்கள். அது கோயிலைக் கட்டிய ராஜராஜனின், வென்ற சோழனின் விழா. சினிமாஸ்கோப்பில் சிவாஜி நடித்த ‘ராஜராஜ சோழன்’ (1973), மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ (2022) இரண்டும் அவன் பக்கத்துப் படங்களே. வென்றவனைக் கொண்டாட அரசு இருக்கிறது, ஊர் இருக்கிறது. தோற்றவனை யாராவது தம் சொந்தப் பொறுப்பில் தூக்கிச் சுமக்க வேண்டும். தோற்றவனைப் பற்றிய படமும் தோற்றுப்போனால், அதன் ரசிகருக்கு வேலை இரட்டிப்பு. கல்ட் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ ‘காசாபிளாங்கா’ படத்தை வைத்து வேறொன்று சொன்னார்: துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துக்கொள்ள இடம் தரும் படம்தான் இப்படிப் போற்றப்படும், கச்சிதமான படம் அதற்கு ஆகாது. நம் படத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. முன்பாதி புதையல் வேட்டைக் கேளிக்கை, பின்பாதி பழந்தமிழ் பேசும் துயர நாடகம். இரண்டும் ஒட்டவில்லை என்று அன்று பலர் குறைபட்டார்கள். ஒட்டாததால்தான் நடராசர் வடிவில் விழும் நிழலுக்குள் ஓடும் காட்சி தனியே நினைவில் நிற்கிறது.

ஆனாலும் எக்கோவோடு முழுக்க உடன்பட எனக்கு மனமில்லை. படம் வந்தபோது, ஈழப் போரின் இறுதிக்களமான முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டே மாதம். பிடிபட்டவர்களைச் சீருடைக்காரர்கள் நடத்தும் விதத்தைக் கடைசிக் காட்சிகளில் கண்டவர்களில் பலருக்கு ஈழம் நினைவுக்கு வந்தது. படம் பெயர் சொல்லாமல் விட்டதைப் பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். துண்டுகளைச் சேகரிப்பதைவிடப் பெரிய வேலை இது. 2021இன் கடைசி நாளில் படம் மறுபடி திரையரங்குக்கு வந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அவர் அப்பவே எடுத்துட்டார், நமக்குத்தான் புரியல’ என்ற ரசிகர் வாதத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். வழியில் வரும் பழங்குடிகளை வெறும் காட்டுமிராண்டிகளாகக் காட்டியது இன்றும் கூச வைக்கிறது. பெண்ணுடல்மேல் இழைக்கப்படும் கொடுமையைக் கேமரா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும். படத்தை நேசிப்பவர்களே இதைக் கேட்டால் இன்னும் நல்லது.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.