பாங்கியில் இரு மாதம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மாணவ அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



வியாபார நிர்வாகக் கல்வி பயிலும் யாம், சென்ற கோடை விடுமுறையில் ஒரு பாங்கியின் பெருங்கடன் பகுதியில் இரண்டு மாதம் பயிற்சி பெற்று மீண்டோம். அவ்வநுபவத்தை இங்கே சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். கணக்கிலேயே தலைநரைத்த பெரியோர் வீற்றிருக்கும் இச்சபையில் கணக்கைப்பற்றிப் பேசத் துணிந்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நகரத்தாராகிய நமக்கு இத்தகைய பயிற்சி புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளுக்கு நம் முன்னோர் பெட்டியடிப் பையன்களாகச் சென்று, ஏடெழுதவும் ஆளறியவும் கற்று, அடுத்தாளாகிப் பின்னர் ஏஜெண்டுகளாயினர். எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியாரவர்கள் 1937-இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிடத்தும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைத் திறந்ததும் அவ்வழி வந்த செயலே. எமக்கோ பெட்டியடியும் இல்லை, பாயும் இல்லை. குளிரூட்டிய கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் தந்தார்கள். அவ்வளவே வித்தியாசம்.

எமக்கு இட்ட வேலை, நடைமுறை மூலதனக் கடன் பெற்ற ஒரு கம்பெனியின் மாதக் கணக்கைச் சரிபார்ப்பது. (தொழில் இன்னதென்று சொல்லோம்; தொகைகளையும் மாற்றியே சொல்லுகிறோம்.) இத்தகைய கடனில், பாங்கி அநுமதித்த எல்லை ஒன்றுண்டு. ஆயினும் அவ்வெல்லை முழுதையும் எடுத்துக்கொள்ள இயலாது. கையிருப்புச் சரக்கின் மதிப்பில், சரக்குக் கொடுத்தவர்க்குத் தரவேண்டியதைக் கழித்து, மிச்சத்தில் முதலாளியின் பங்காக ஒரு பகுதியையும் தள்ள வேண்டும். வரவேண்டிய பாக்கிக்கும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்த தொகைவரையிலேயே பணம் எடுக்கலாம்.

சரக்கு 10 கோடி. கொடுக்க வேண்டியது 3 கோடி. மிச்சம் 7 கோடியில் நாலிலொன்றைத் தள்ள ஐந்தேகால் கோடி. பாக்கி 8 கோடியில் அவ்வாறே தள்ள 6 கோடி. ஆகப் பதினொன்றேகால் கோடி. கம்பெனி எடுத்திருந்ததோ பத்தரைக் கோடி. எல்லாம் ஒழுங்கென்று எழுதிக் கொடுத்தோம்.

மேலதிகாரியான அம்மையார் அதைப் பார்த்து, "இந்தப் பாக்கியெல்லாம் எப்போது விற்ற சரக்குக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டார். வெட்கத்துடன் பட்டியலைப் புரட்டினோம். 8 கோடியில் 3 கோடி, 90 நாளுக்கு மேற்பட்ட பழம்பாக்கி. அதைச் சேர்த்தல் ஆகாது. நீக்கினால் 9 கோடிதான் வருகிறது. எனவே கம்பெனி ஒன்றரைக் கோடி அதிகமாக எடுத்திருந்தது. இந்நிலை இடைவிடாது 90 நாளைக் கடந்தால் அக்கடன் வாராக்கடனாக எழுதப்படும். பிறகு எந்தப் பாங்கியும் அக்கம்பெனிக்கு எளிதில் கைகொடாது. கூலிக்காரர் நூற்றுக்கணக்கானவர் அதை நம்பியிருந்தனர்.

எம் துன்பம் இனித்தான் தொடங்கியது. அம்மூன்று கோடியும் ஒரே கடையின் பெயரில் நின்றது. அப்பெயரை யாம் அறிவோம். கம்பெனி முதலாளி எம் ஆயாள் வீட்டுவழி உறவினர். அக்கடை அவருடைய மாப்பிள்ளையுடையது. பாங்கியில் கொடுத்த காகிதங்களில் இவ்வுறவு எங்கும் சொல்லப்படவில்லை. யாம் அறிந்தது கலியாண வீட்டுப் பந்தியில். பந்தியில் கேட்டதைப் பாங்கியில் சொல்லலாமா? முதலாளி எமக்கு உறவென்பதையேனும் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும், அதையும் சொன்னோமில்லை. இரண்டு நாள் வாளாவிருந்தோம்.

அப்பச்சியிடம் டெலிபோனில், பெயர் எதுவும் சொல்லாமல், உறவினர் கணக்கு கைக்கு வந்தால் என்செய்வதென்று கேட்டோம். "கடையில் உட்கார்ந்தால் கடைக்காரன். உறவு வீட்டுக்கு வந்தபின்" என்றார்கள்.

மறுநாள் அம்மையாரிடம் இரண்டையும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. அக்கணக்கை எம்மிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் தந்தார். கம்பெனிகளின் டைரக்டர் பெயர்கள் அரசாங்கப் பதிவில் யாவரும் காணக் கிடைப்பவையே என்றும், அதைத் தேடாதது தம் பகுதியின் குறையே என்றும் கூறினார். ஈடாக நல்ல நிலம் இருக்கிறதே என்று யாம் மெல்லச் சொன்னதற்கு, "நிலத்தை விற்றா மாதந்தோறும் வட்டி கட்டுவார்?" என்றார்.

அப்போது பர்மாவை நினைத்தோம். 1930-க்குப் பின் நெல்விலை விழ, ஈடுவைத்த நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. 1938 அளவில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. வந்தது நிலம், வேண்டியது பணம். யுத்தமும், 1948-ஆம் வருஷத்து நில தேசீயமயச் சட்டமும் மிச்சத்தை முடித்தன. இவ்வூர்ப் பெரியவீடுகள் சிலவற்றின் பூட்டிய கதவுகளுக்கு அக்கதையிலும் பங்குண்டு.

பயிற்சி முடிந்து ஆவணியில் ஒரு கலியாணத்தில் அம்முதலாளியைக் கண்டோம். உறவு விவரம் கேட்டுப் பாங்கி எழுதிய கடிதம் அதற்குள் அவருக்குக் கிடைத்திருக்கும். அதன் மூலம் யாரென்று அவர் அறிவாரோ, அறியோம். "வா தம்பி" என்று கைபிடித்துப் பந்தியில் தம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். படிப்பு எப்போது முடியுமென்று கேட்டார். வருகிற சித்திரையில் என்றோம்.