குழாய்க்குள் தெரியும் வீரன் யார்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சினிமா. சினிமா என்றாலும் முழுப் படத்தைப் பற்றியல்ல. கதை ஆரம்பமாவதற்கு முன் பெயர்கள் ஓடுகின்றனவே, அந்த இரண்டு மூன்று நிமிஷத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "அது வெற்றிலை போடுகிற நேரமாயிற்றே, அதில் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கக் கூடும். மனிதன் ஏமாறுவது எப்போது? விழிப்பாய் இருக்கும்போதா? அல்லவே அல்ல. 'இது ஒன்றுமில்லை' என்று அசட்டையாய் இருக்கிறானே, அப்போதுதான் ஏமாறுகிறான்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த அசட்டை இருந்தது. பெயர்கள் ஓடி முடிகிற வரையில் பல கொட்டகைகளில் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்கள். 1955-ல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்ற படத்துக்கு சால் பாஸ் என்பவர் சித்திரம் போல டைட்டில் செய்து கொடுத்தார். அதை ஜனங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, 'பெயர்கள் ஆரம்பிக்கும் முன்பே திரைச்சீலையை விலக்கவும்' என்று படப்பெட்டியின் மேல் எழுதி அனுப்ப வேண்டியிருந்ததாம். அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1962-ல் வந்ததுதான் 'டாக்டர் நோ' என்ற முதல் ஜேம்ஸ் பாண்ட் படம்.

அது எப்படி ஆரம்பிக்கிறது? கறுப்புத் திரையில் வெள்ளை வட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. ஒரு வட்டம் விரிந்து துப்பாக்கிக் குழாயின் உட்புறமாகிறது. குழாயின் அந்தப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் நடந்து வருகிறான், சடக்கென்று திரும்புகிறான், நம்மை நோக்கிச் சுடுகிறான். மேலேயிருந்து சிவப்பாய் வழிகிறது. வட்டம் தள்ளாடித் தள்ளாடிக் கீழே விழுகிறது. அவ்வளவுதான் காட்சி, அதற்கே கைதட்டல்!

இதைச் செய்தவர் மாரிஸ் பைண்டர். கடைகளில் விலை ஒட்டுகிற சிறு வெள்ளை வட்டச் சீட்டுக்களைக் காகிதத்தில் ஒட்டிப் பார்த்துத்தான் அவசரத்தில் இந்த யோசனையைப் பிடித்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மையான துப்பாக்கிக் குழாய்க்குள் சாதாரணக் காமிராவால் தெளிவாய்ப் படம் எடுக்க முடியாமல், ஊசித் துளைக் காமிரா வைத்து எடுத்தாராம். கெட்டிக்காரத்தனத்தை நான் மறுக்கவில்லை. வேலைக்காரனின் திறமையைப் பாராட்டுவது வேறு, அந்தத் திறமைக்கு நம் புத்தியைப் பறி கொடுப்பது வேறு. ஆகவே சில கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி. குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற கண் யாருடையது? வீரனைக் கொல்ல வந்தவனுடையது. அந்த இடத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பவர் யார்? காசு கொடுத்துச் சீட்டு வாங்கின நாம். சுடப்படுவது நாம், ரத்தம் வழிவது நம் கண்ணில், கைதட்டுவதும் நாமே! அடித்தவனையே கும்பிடுகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி. குழாய்க்குள் புரி புரியாய் வரி ஓடுகிறதே, அது என்ன? குண்டு சுழன்று கொண்டு போனால்தான் குறி தப்பாமல் நேரே போகும். அதற்காக வெட்டப்பட்ட வரி அது. நல்லது. தோட்டா போட்ட துப்பாக்கியானால் பின்பக்கத்தைத் தோட்டா அடைத்துக் கொண்டிருக்குமே, பார்க்கிறவன் அதன் வழியாய் எப்படிப் பார்த்தான்? தோட்டா இல்லாத துப்பாக்கியானால் வந்தவன் எதற்காக வந்தான்? இதை ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டு விடும். நமக்கோ கேட்கத் தோன்றுவதில்லை. ஏன்? வாத்திய முழக்கம் காதை அடைத்து விடுகிறது. காது அடைத்தால் புத்தியும் அடைத்து விடுகிறது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அந்தத் தொப்பிக்காரன் யார்? "இதென்ன கேள்வி, ஜேம்ஸ் பாண்ட் வேஷம் போட்ட ஷான் கானரி" என்பீர்கள். தோழர்களே, அவர் அல்ல! முதல் மூன்று படங்களிலும் அங்கே நடந்து வந்து சுட்டவர் பாப் சிம்மன்ஸ் என்ற சண்டைக் கலைஞர். 1965-ல் 'தண்டர்பால்' என்ற நாலாவது படம் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டதால், அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. அப்போதுதான் கானரி தாமே வந்து நின்றார்.

"முகமே தெரியாத சில விநாடிக் காட்சிதானே, யார் நின்றால் என்ன?" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். நான் சொல்வதும் அதைத்தான். முகம் தெரியவில்லை; தெரியாத இடத்தில் முகத்தை வைத்தது யார்? நாமே வைத்தோம். யாரும் நம்மிடம் பொய் சொல்லவில்லை. ஒரு வெளிச்ச வட்டமும், ஒரு மெட்டும், ஒரு நிழலும் காட்டினார்கள். மீதியை நம் நம்பிக்கை பூர்த்தி செய்து கொண்டது. நம்பிக்கை என்பது எங்கும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இது வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கென்ன என்று இருந்து விடாதீர்கள். 1992-ல் வந்த 'அண்ணாமலை' படத்தில் புள்ளி புள்ளியாய் வெளிச்சம் தோன்றி 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துக்கள் உருவாகின்றன அல்லவா? அந்த யோசனை ஜேம்ஸ் பாண்ட் படத் தொடக்கத்திலிருந்து வந்ததென்று அதன் டைரக்டர் சுரேஷ் கிருஷ்ணாவே சொல்லியிருக்கிறார். நடிகர் மேல் எனக்கு யாதொரு குறையும் இல்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். ஆனால் பெயர் தெரிவிக்க ஏற்பட்ட இடத்தில், ஒரு பெயர் வரும்போது மாத்திரம் கற்பூரம் கொளுத்தி, மற்ற நூறு பெயர்கள் ஓடும்போது தின்பண்டம் வாங்கப் போகிறோமே, அந்த நம் யோக்கியதையைத்தான் பேசுகிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஜேம்ஸ் பாண்ட் மெட்டு இருக்கிறதே, அதைப் போட்டவர் மாண்டி நார்மன் என்பது படத்திலுள்ள கணக்கு. வாத்தியங்களுக்கு ஒழுங்கு செய்து வாசித்தவர் ஜான் பாரி. மெட்டே பாரியுடையது என்கிற மாதிரி எழுதிய ஒரு லண்டன் பத்திரிகை மேல் நார்மன் மான நஷ்ட வழக்குப் போட்டு, 2001-ல் ஜெயித்து, 30,000 பவுன் வாங்கினார். ஆகவே பெயர் என்பது வெறும் எழுத்தல்ல. அது மானம், அது சோறு.

அப்படியிருக்க, விழுகிறவன், எரிகிறவன், எலும்பை முறித்துக் கொள்கிறவன் பெயர் எங்கே? அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசு கொடுக்க ஆரம்பித்தது 1929-ல். உடை தைத்தவருக்கும் முகப்பூச்சு இட்டவருக்கும்கூடப் பரிசு வந்து விட்டது. சண்டைக் காட்சி அமைப்பவர்களுக்கென்று ஒரு பரிசு உண்டு என்று அறிவித்தது 2025-ல்தான். அதுவும் 2027-ல் வெளியாகும் படங்களுக்குத்தான். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிற்று! அதே 2025-ல், ஜூலை மாதத்தில், நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் கார் சாகசக் காட்சி எடுக்கும்போது ஒரு சண்டைக் கலைஞர் உயிரையே விட்டார். இப்படிப்பட்ட காட்சி திரையில் ஓடும்போது வீரன் என்று கைதட்டு வாங்குகிறவர் ஒருவர். கழுத்தை ஒடித்துக் கொள்கிறவர் மற்றொருவர். பாடுபடுகிறவன் ஒருவன், பட்டம் பெறுகிறவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டை வெளியில் கண்டால் நாம் கண்டிக்கிறோம். இருட்டுக் கொட்டகைக்குள் கண்டால் மாத்திரம் விசில் அடிப்பது என்ன நியாயம்?

நான் சினிமாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள், ரசியுங்கள். ஆனால் பெயர்கள் ஓடும்போது கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டு வாசியுங்கள். 'சண்டைப் பயிற்சி' என்று வரும் வரியை உங்கள் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். குழாய்க்குள் ஒரு நிழல் நடந்து வந்தால், "இது யார்? நிஜமாகவே யார்?" என்று கேளுங்கள். திரையில் கேட்கப் பழகினவன் தெருவிலும் கேட்பான். தெருவில் கேட்பவனை ஏய்ப்பது அவ்வளவு சுலபமல்ல.