கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் வருது?

ரிமோட் டீமை நடத்துறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "எல்லாரும் வீட்ல இருக்காங்க. வேலை பார்க்கிறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நான் அவங்ககிட்ட திருப்பிக் கேட்பேன்: "ஏதாவது சொதப்பினா உங்களுக்கு எப்போ தெரியவரும்?" ஆபீஸ்ல ஒருத்தர் திணறினா முகத்துலயே தெரிஞ்சிடும். பக்கத்து சீட்காரர் "என்னாச்சு?"ன்னு கேட்பார். வீட்டிலிருந்து வேலை செய்றப்போ, அவரா வாய் திறந்து சொன்னாத்தான் உண்டு.

கிட்லேப் கதையைச் சொல்றேன். புரோகிராமர்கள் கோடைச் சேமிச்சு வைக்கிற தளம். தலைமை அலுவலகம்னு ஒண்ணு இல்லாம, பல நாடுகள்ல இருந்து வேலை செய்ற நிறுவனம். 2017 ஜனவரி 31 ராத்திரி, டேட்டாபேஸ் கோளாறைச் சரிபண்ணிட்டிருந்த இன்ஜினியர் ஒருத்தர், வேற சர்வர்னு நினைச்சு மெயின் சர்வர் டேட்டாவையே அழிச்சிட்டார். ஓரிரு விநாடியில நிறுத்திட்டார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில மிஞ்சினது வெறும் 4.5 ஜிபி!

பேக்கப்? அது ஒழுங்கா எடுக்கப்படவே இல்லை. எடுக்க முடியலன்னு எச்சரிக்கை மெயில் போயிருக்கு. ஆனா மெயில் செட்டிங் கோளாறால அது யார் கைக்கும் வந்து சேரல. பேக்கப் சரியா இருக்கான்னு பார்க்கிற பொறுப்பும் யார்கிட்டயும் இல்லை. கடைசியில காப்பாத்தினது, அதே இன்ஜினியர் ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக எடுத்து வச்ச ஒரு காப்பி. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான்.

அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்குப் பிடிச்சது. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. குறிப்புகளை எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்து வச்சாங்க. பிறகு வந்த அறிக்கையில அந்த இன்ஜினியர் பேர் இல்லை. 'டீம் மெம்பர் 1', அவ்வளவுதான். "யார் பண்ணது?"ங்கிறதை விட்டுட்டு, "ஏன் இப்படி நடக்க முடிஞ்சது?"ன்னு தோண்டினாங்க.

என் டீம்ல நான் கடைப்பிடிக்கிறது மூணு. ஒண்ணு, காலையில "இன்னைக்கு என்ன பண்றீங்க?"ன்னு கேட்கிறதோட, "எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"ன்னும் கேட்பேன். ரெண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பேர், எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதியிருக்கும். 'டீம் பார்த்துக்கும்'னா யாரும் பார்க்க மாட்டாங்க. மூணாவதுதான் கஷ்டம்: கெட்ட செய்தி வந்தா, என் முதல் பதில் "சொன்னதுக்கு நன்றி. இப்போ என்ன உதவி வேணும்?" அந்த இடத்துல ஒரு தடவை கத்தினா போதும், அடுத்த தடவை செய்தி நம்ம கிட்ட வராது, கஸ்டமர்கிட்ட இருந்துதான் வரும்.

இந்த வாரம் உங்க டீம்ல அந்த "எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"வைக் கேட்டுப் பாருங்க. முதல் நாள் எல்லாரும் "ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்வாங்க. விடாம கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!